எதிர்ப்பு இருக்கிறது

சூளகிரி
6.9.2024

அன்புள்ள ஜீனத்துக்கு, உன் மீது அல்லாஹ்வின் சாந்தி உண்டாகட்டும்.

நான் போன் செய்தால் நீ எடுப்பதில்லை. அதனால் உன் தம்பி தௌசிப்பிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன். உன் அத்தா நம் கல்யாணத்துக்குச் சீராகக் கொடுத்த குதிரை நூரிக்கு உடம்பு சரியில்லை. பின்னங்கால் இழுக்கிறது. ஒரே பக்கமாகச் சுற்றுகிறது. சுவரில் நெற்றியை முட்டிக்கொண்டு நிற்கிறது. மாட்டாஸ்பத்திரி டாக்டர் விமல்ராஜ் வந்து பார்த்தார். ஈ கடித்து ரத்தத்தில் சேரும் ஒரு கிருமி மூளைக்கு ஏறியிருக்கலாம் என்று சந்தேகப்பட்டு, சோதனைக்கு ரத்தம் எடுத்து அனுப்பியிருக்கிறார். கட்டினவனைப் பார்க்க வராவிட்டால் போகிறது, குதிரையையாவது வந்து பார்த்துவிட்டுப் போ.

உன்
கௌஸ் மொய்தீன்

பேரிகை
9.9.2024

அன்புள்ள மச்சானுக்கு ஸலாம்.

படித்ததும் எனக்குச் சோறு இறங்கவில்லை. கம்பெனியில் லீவு கிடைக்காது, ஞாயிற்றுக்கிழமை வருகிறேன். நூரிக்காகத்தான் வருகிறேன், உடனே பிரியாணிக்குச் சொல்லிவிடாதீர்கள். ரிசல்ட் வந்தால் டாக்டர் வாயாலேயே கேளுங்கள். பாதியைக் கேட்டுவிட்டு மீதியை நீங்களே பேசிக்கொள்கிற ஆள் நீங்கள். அதுவரை அதைக் கல்யாண ஊர்வலத்துக்கு ஓட்டிப் போகாதீர்கள்.

ஜீனத்

சூளகிரி
13.9.2024

ஜீனத்து, அல்ஹம்துலில்லாஹ்.

ரிசல்ட் வந்துவிட்டது. டாக்டர் அஞ்செட்டிப் பக்கம் முகாமுக்குப் போயிருக்கிறார், அங்கே டவர் கிடைக்காது. ஆஸ்பத்திரியில் இருந்த கம்பவுண்டரே பேப்பரைப் பார்த்து, "பாய், கிருமிக்கு எதிர்ப்பு நல்லாவே இருக்குது, டாக்டர் வந்ததும் பாருங்க" என்றார். போன உயிர் திரும்பி வந்தது. நம் நூரியா கொக்கா? எதிர்த்து நின்றுவிட்டது. இனி ஊசியும் வேண்டாம். நாளை கிருஷ்ணகிரியில் மாப்பிள்ளை ஊர்வலம், வாக்குக் கொடுத்துவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை நீ வரும்போது உன்னைப் பார்த்து அது கனைக்கும், பார்.

கௌஸ்

பேரிகை
14.9.2024

மச்சான்,

காலையிலிருந்து கூப்பிடுகிறேன், உங்கள் போன் அணைந்து கிடக்கிறது. அதனால் தௌசிப்பை வண்டியில் அனுப்புகிறேன். டாக்டரை எப்படியோ பிடித்துக் கேட்டேன். "எதிர்ப்பு இருக்குதுன்னா குதிரை தப்பிச்சிருச்சுன்னு இல்லம்மா. கிருமி உள்ள போயிருக்குது, அதான் ரத்தம் எதிர்க்குதுன்னு அர்த்தம்" என்றார். எப்போதோ வந்து போன கிருமிக்கும் ரத்தம் அப்படித்தான் காட்டுமாம். ஆனால் காலும் இழுத்து, சுற்றவும் சுற்றினால், இப்போதும் இருக்கிறது என்றே வைத்துக்கொண்டு வைத்தியம் பார்க்க வேண்டுமாம். அவர் இன்று சாயங்காலமே வருகிறார். அல்லாவுக்காகக் கேட்கிறேன், அதன் மேல் யாரையும் ஏற்றாதீர்கள்.

ஜீனத்

சூளகிரி
20.9.2024

அன்புள்ள ஜீனத்துக்கு ஸலாம்.

தௌசிப் வந்து சேர்வதற்குள் மண்டபத்து வாசலில் நூரி விழுந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை நீ வந்து அதன் தலையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாய். என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. மறுநாள் அது போய்விட்டது. ஏரிக்கு அந்தப் பக்கம் ஜேசிபி வைத்துப் புதைத்தோம். லாயத்துப் பக்கம் போகவே முடியவில்லை என்னால். டாக்டரிடம் கேட்டேன். கிருமி மூளைக்குப் போய்விட்டால் மருந்து அங்கே சரியாக எட்டாதாம். முன்பே ஊசி போட்டிருந்தாலும் பிழைத்திருக்குமா என்று சொல்ல முடியாது என்றார். அதைக் கேட்ட பிறகுதான் தூங்கினேன். என் மேல் தப்பில்லை, ஜீனத். உன் கோபமும் ஆறியிருக்கும். அடுத்த வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்து உன்னைக் கூட்டிப் போக வருகிறேன்.

உன்
கௌஸ்

பேரிகை
23.9.2024

கௌஸ் மொய்தீன் அவர்களுக்கு,

சொல்ல முடியாது என்று டாக்டர் சொன்னால், தப்பில்லை என்று உங்கள் காதில் விழுகிறது. வேலையை விடச் சொன்னபோது நான் வாயைத் திறக்கவில்லை, சம்மதித்துவிட்டாள் என்று ஊரெல்லாம் சொன்னீர்கள். ஞாயிற்றுக்கிழமையும் பேசாமல்தான் இருந்தேன், அதைக் கோபம் என்கிறீர்கள். எனக்குக் கோபம் இல்லை. நூரி போன பிறகு அந்த வீட்டில் எனக்கு ஒன்றும் இல்லை, அவ்வளவுதான். இதையும் நீங்கள் வேறு விதமாகப் படித்துக்கொள்ளக் கூடாது என்பதற்காக விளக்கமாகவே எழுதுகிறேன். நான் வரமாட்டேன். வெள்ளிக்கிழமை வராதீர்கள். தௌசிப்பிடமும் ஒன்றும் கொடுத்தனுப்ப வேண்டாம்.

ஜீனத்