எப்படியும் தரப்போகிற மாத்திரை

நேற்று சாயங்காலம் ஒரு கிராம்பை எடுத்து வலது கடைவாயில் அடக்கிக்கொண்டேன். அவ்வளவுதான், நீ வந்துவிட்டாய். அடுத்தவர் முகத்துக்கு இவ்வளவு கிட்டத்தில் நின்று புருவம் திருத்துகிறவள் வாய் மணக்க வேண்டாமா என்று நாள் முழுக்கக் கிராம்பு கடிப்பாயே, அதே வாசனை. நான் கடித்தது மணத்துக்காக இல்லை. பல்வலி. ஈறு வீங்கியிருந்தது.

பருத்திப்பட்டு வீட்டில் கட்டில்மேல் பையை விரித்துவைத்து, மறுநாள் மருந்து ஏற்றிக்கொள்ளப் போவதற்கான சாமான்களை எடுத்து வைத்துக்கொண்டிருந்த நேரம் அது. ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட், இன்சூரன்ஸ் அனுமதிக் கடிதம், ஏசி குளிருக்கு ஒரு சால்வை, கையை நீட்ட வசதியாகத் தொளதொளவென்று ஒரு குட்டைக்கை குர்த்தா, இரண்டு பாட்டில் தண்ணீர். ஒவ்வொன்றாக வைத்து லிஸ்டில் டிக் அடித்தேன். சிரிக்காதே. இன்னும் லிஸ்ட் போடத்தான் செய்கிறேன். எல்லாவற்றுக்கும் டிக் அடித்த பிறகும் அந்த வீங்கின ஈறு மட்டும் லிஸ்டில் இல்லாமல் வாய்க்குள் கிடந்தது.

ஆறு வருஷத்துக்கு முன்னால் முதல் தடவை போனபோது என் லிஸ்டில் எல்லாமே தப்பு. ரத்தம் எடுக்கிற மாதிரிதான் இதுவும் என்று நானே முடிவுகட்டி, முந்தின இரவிலிருந்து பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காமல் போனேன். கையை இறுக்கிப் பிடிக்கிற முழுக்கை சுடிதார் வேறு. ஸ்டெல்லா சிஸ்டர் மூன்று இடத்தில் குத்திப் பார்த்தும் நரம்பு அகப்படவில்லை. எனக்குக் கண் கலங்கிவிட்டது. முடக்குவாதம் என்று பெயர் வைத்த நாளிலிருந்தே அழுகையை அடக்கிவைத்திருந்தேன். ஊசி ஒரு சாக்கு.

பக்கத்து நாற்காலியில் சொட்டு சொட்டாக மருந்து ஏற, காலை நீட்டிப் படுத்திருந்தாய். "இன்னாடி இது, ஸ்கேனுக்கு வந்தா மாரி பட்டினியா வந்துகீற? தண்ணி குட்ச்சாதான்டி நரம்பு தெரியும். போ, கேன்டீன்ல நாலு இட்லி துன்னுட்டு ஒரு பாட்டில் தண்ணி குட்ச்சிட்டு வா. நரம்பு தானா எய்ந்து வணக்கம் சொல்லும்" என்றாய். எனக்குச் சுருக்கென்றது. நான் திருநெல்வேலிக்காரி, முன்பின் தெரியாதவர்களிடம் 'நீங்க' தவிர வேறு வாயில் வராது. யார் இவள், பார்த்த உடனே 'டீ' போட்டுப் பேசுகிறாள் என்று முறைத்தேன். முறைத்துவிட்டு, போய் இட்லி சாப்பிட்டுவிட்டு வந்தேன். நரம்பு வணக்கம் சொன்னது.

அன்றைக்கு என் கையிலிருந்த காகிதத்தைப் பிடுங்கிப் பார்த்துவிட்டு நீ வைத்த பெயர்தான் 'லிஸ்ட்டு'. கடைசிவரை என் சொந்தப் பெயரை நீ ஒரு தடவைகூடச் சொல்லவில்லை.

எட்டு வாரத்துக்கு ஒரு முறை நம் சந்திப்பு. இருவருக்கும் ஒரே நாள் விழும்படி ஸ்டெல்லா சிஸ்டரைத் தாஜா பண்ணி வாங்கியவள் நீ. பாடி மேம்பாலத்துக்குப் பின்னால், லேத்துப் பட்டறைகளுக்கு நடுவில் உன் வீட்டு முன்னறைதான் பார்லர். நூலின் ஒரு முனையைப் பல்லில் கடித்து, மீதியை இரண்டு கை விரல்களில் சுற்றி, சரக் சரக்கென்று புருவ முடியை எடுப்பாய். மருந்து ஏறி ஒரு வாரம் பத்து நாளில் விரல் இளகும். ஏழாவது வாரம் வந்தால் நூல் விரலில் நிற்காது. "பெட்ரோல் ரிசர்வுல ஓடிகினு கீது" என்பாய்.

அப்படி ரிசர்வில் ஓடின ஒரு நாள், காத்திருக்கும் கூடத்தில் என் தாடையைப் பிடித்து நிமிர்த்தி, "கை வருதா பாக்கறேன், நவுராத" என்று ஆரம்பித்தாய். வலது புருவம் வில்லாக வந்தது. இடது புருவத்தில் பாதிக்கு மேல் விரல் மறுத்துவிட்டது. "அவ்ளோதான்டி, மீதி அடுத்த வாரம் ஊட்டாண்ட வா" என்று நூலைச் சுருட்டி வைத்துவிட்டாய். அந்த ஒன்றரைப் புருவத்தோடு ஒரு வாரம் ஆபீஸ் போனேன். மேனேஜர் என் முகத்தைப் பார்த்துப் பேசவே சங்கடப்பட்டார். சண்டாளி.

சரி, அதைச் சொல்கிறேன். எதைச் சொல்ல வந்தேனோ அதைச் சுற்றிச் சுற்றி வருகிறேன் என்று உனக்குத் தெரிந்திருக்கும்.

மூன்று வருஷத்துக்கு முந்தைய வைகாசி. முகூர்த்த மாதம். கூடத்தில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தபோதே உன் கண் சிவந்திருந்தது. என் காதோரம் குனிந்து, "லிஸ்ட்டு, உடம்பு லேசா சுடுதுடி. இருமலும் கீது. சிஸ்டரு மிஷின வெச்சிப் பாத்தா திருப்பி அனுப்சிடும். ஞாயித்துக்கெயம ஒரு கல்யாணப் பொண்ணு அலங்காரம் ஒத்துகினு கீறேன். கை இல்லாங்காட்டி நான் இன்னா பண்ணுவேன்? உங்கிட்ட மாத்திர கீதா?" என்று கேட்டாய்.

இருந்தது. என் பையில் இல்லாத மாத்திரையா? கொடுத்தேன். பயந்துகொண்டு கொடுக்கவில்லை, நியாயம் பேசிக்கொண்டு கொடுத்தேன். மருந்து ஏற்றுவதற்கு அரை மணி முன்னால், உடம்பு நடுங்காமல் இருக்க, சிஸ்டர் எல்லோருக்கும் காய்ச்சல் மாத்திரை ஒன்று தருவார் இல்லையா? அதே மாத்திரை. "எப்படியும் அவங்களே தரப்போற மாத்திரைதானே, ஒரு மணி நேரம் முந்திப் போட்டா என்ன?" என்று நான் சொன்னேன். நீ கேட்டது மாத்திரைதான். இந்த வாதம் என்னுடையது.

முதலில் காய்ச்சல் பார்ப்பார்கள், அதற்குப் பிறகு மாத்திரை. அந்த வரிசைக்கு ஒரு காரணம் உண்டு. வரிசையை மாற்றினால் என்ன கெடும் என்று பார்ப்பதற்குத்தான் மென்பொருள் கம்பெனியில் எனக்குச் சம்பளமே தருகிறார்கள். எனக்குத் தெரியாமல் இல்லை. உன் விரலைப் பார்த்ததும் தெரிந்ததெல்லாம் மறந்துபோயிற்று.

மிஷின் காய்ச்சல் இல்லை என்றது. மருந்து ஏறியது. மூன்றாம் நாள் நுரையீரலில் கிருமி பரவி உன்னைத் தீவிர சிகிச்சையில் சேர்த்தார்கள். மூட்டைத் தின்னும் நோயை அடக்கும் மருந்து, உடம்பின் காவலையும் சேர்த்து அடக்கிவிடும். கிருமி உள்ளே இருக்கும்போது ஏற்றினால் அதற்குக் கதவைத் திறந்துவிட்ட மாதிரி. இதை டாக்டர் முதல் நாளே நம் இருவருக்கும் சொல்லியிருந்தார்.

பதினோரு நாள் கழித்து உன்னை வார்டுக்கு மாற்றினார்கள். நான் உன் கட்டில் காலடியில் நின்றுகொண்டிருந்தபோது டாக்டர் வந்து கத்தினார். "மாத்திரை போட்டு மறைச்சிருக்கீங்க. யார் குடுத்தது?" நீ என் பக்கம் திரும்பக்கூட இல்லை. "யாரு குடுப்பாங்க சார்? நான்தான் ஊட்லயே போட்டுகினு வந்தேன்" என்றாய். நான் வாயைத் திறக்கவில்லை. ஒரு சொல், 'நான்தான்' என்ற ஒரே ஒரு சொல், அதைச் சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை. வெட்கம்கெட்டவள் நான், ஆரஞ்சுப் பழத்தை உரித்துக் கொடுத்துவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டேன்.

அதற்குப் பிறகு ஐந்து மாதம் உனக்கு மருந்து கிடையாது. விரல் மடங்கி, டீ டம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக் குடித்தாய். பார்லரைச் சாத்தினாய். ஒரு தடவை தைரியத்தைக் கூட்டிக்கொண்டு, "அன்னைக்கு டாக்டர்கிட்ட நீ…" என்று ஆரம்பித்தேன். "அட வுடுடி. அதான் உசுரோட கீறேனே. தண்ணி குட்ச்சியா, அத்த சொல்லு" என்று வெட்டிவிட்டாய். மறுபடி மருந்துக்குத் திரும்பி, பார்லரையும் திறந்த பிறகு காத்திருக்கும் கூடத்தில் நீதான் காவல்காரி. புதிதாக வருகிற ஒவ்வொருவரையும், "இருமல் கீதா? புண்ணு கீதா? மாத்திர கீத்ர போட்டுகினு வரலியே? பொய் சொன்னா எனக்குத் தெரிஞ்சிடும்" என்று துருவுவாய். நான் பக்கத்தில் உட்கார்ந்து தரையைப் பார்த்துக்கொண்டிருப்பேன்.

போன கார்த்திகையில் ஒரு மதியம், ஒருத்தி போய் இன்னொருத்தி வருவதற்குள், உன் பார்லர் நாற்காலியிலேயே சாய்ந்துவிட்டாய். மாரடைப்பு. கல்லறைத் தோட்டத்தில் நின்றுகொண்டு நான் உன்னைத் திட்டிக்கொண்டிருந்தேன். சொல்லாமல் கொள்ளாமல் போவது என்ன பழக்கம்? நான் சொல்ல வேண்டியது ஒன்று பாக்கி இருந்ததே!

இப்போது என் நிலைமையைக் கேள். பூந்தமல்லியில் இருக்கும் என் தங்கச்சிக்கு இரண்டு வாரத்தில் பிரசவம். எங்களுக்கு அம்மா இல்லை. பிள்ளையை நான்தான் குளிப்பாட்டுவேன் என்று வளைகாப்பில் அத்தனை பேர் முன்னாலும் மார்தட்டிவிட்டேன். காலை நீட்டி, பிள்ளையைக் காலில் போட்டு, எண்ணெய் வழுக்கும் உடம்பை ஒரு கையால் பிடித்து, மறுகையால் தண்ணீர் ஊற்ற வேண்டும். ஏழாவது வாரத்து விரல் ஒரு கரண்டியைக்கூட நம்பிப் பிடிக்காது. இன்று மருந்து ஏறினால் பிள்ளை பிறக்கும் நேரத்துக்குக் கை சரியாகிவிடும். தள்ளிப்போனால் அவ்வளவுதான்.

என் வீட்டுக்காரர் நல்லவர், எனக்காகத்தான் சொன்னார்: "பல்லைப் பத்தியெல்லாம் அவங்க கேக்க மாட்டாங்க. கேட்டா சொல்லு. கேக்கலேன்னா நீயா வாயைக் குடுத்து மாட்டிக்காத." அது நியாயமாகத்தான் பட்டது. எனக்கு நியாயங்கள் சுலபமாகக் கிடைக்கும், உனக்குத் தெரியுமே.

காலையில் அம்பத்தூர் நெரிசலைத் தாண்டி பைக்கில் கொண்டுபோய் விட்டார். ஸ்டெல்லா சிஸ்டர் எடை பார்த்தார், ரத்த அழுத்தம் பார்த்தார், மிஷினை வைத்தார். காய்ச்சல் இல்லை. "சளி, இருமல்?" இல்லை. "யூரின் எரிச்சல்? புண்ணு, கட்டி?" இல்லை. "அப்ப சரி, வேற எதுவும் இல்லையே?" என்று அவர் பேனாவை மூடப்போனார்.

"இருக்கு சிஸ்டர். பல்லு. ஈறு வீங்கியிருக்கு, நாலு நாளா."

டார்ச் அடித்துப் பார்த்தார். டாக்டரைக் கூப்பிட்டார். அவர் பார்த்துவிட்டு, சீழ் கட்டியிருக்கிறது, பல் டாக்டரிடம் போய்ச் சுத்தம் பண்ணி, மாத்திரை முடித்து, அதற்குப் பிறகுதான் மருந்து என்றார். குறைந்தது மூன்று வாரம். எனக்கு அழுகை வரும் என்று நினைத்தேன். வரவில்லை. நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

அங்கிருந்தே தங்கச்சிக்குப் போன் போட்டேன். "ஏட்டி, எனக்குக் கை வராது. பிள்ளையைக் கீழ போட்டாலும் போட்டுருவேன். குளிப்பாட்ட வேற ஆள் பாரு" என்றேன். இத்தனை வருஷத்தில் என் கையைப் பற்றி அவளிடம் உள்ளதை உள்ளபடி சொன்னது இதுதான் முதல் தடவை. பிறகு, "எங்க வீட்டுக்காரரு கை சும்மாத்தான இருக்கு? நீ பக்கத்துல ஸ்டூல் போட்டு உக்காந்து அதட்டு, அவரு குளிப்பாட்டட்டும்" என்றாள். அதட்டுவதற்கு விரல் வேண்டியதில்லை பார்.

பையைத் தூக்கிக்கொண்டு வாசல்வரை போனேன். போக முடியவில்லை. திரும்பி வந்தேன். ஸ்டெல்லா சிஸ்டர் என் ஃபைலில் ஏதோ எழுதிக்கொண்டிருந்தார்.

"சிஸ்டர், இன்னொண்ணு சொல்லணும். மூணு வருஷம் முன்னால, எங்கூட உக்காருவாளே, அவளுக்கு அந்தக் காய்ச்சல் மாத்திரை… வீட்டுல இருந்து போட்டுட்டு வரல. குடுத்தது நான்தான். இந்தக் கூடத்துல வச்சு."

அவர் பேனாவை வைத்தார். நான் திட்டுக்குக் காத்திருந்தேன்.

"தெரியும்மா" என்றார். "வார்டுல படுத்திருந்தப்பவே எங்கிட்ட சொல்லிட்டாங்க. உங்களைக் கூப்பிட்டு நாலு வார்த்தை கேக்கணும்னு நான் கிளம்பினேன். கையைப் பிடிச்சு நிறுத்திட்டாங்க. 'அந்த லிஸ்ட்டு கீதே, அது ஒரு நாளு தானா வந்து உங்கிட்ட சொல்லும் சிஸ்டர். அதுவரிக்கும் நீ கேக்காத'ன்னாங்க."

அப்போது வந்தது அழுகை. கூடத்தில் இருந்த எல்லாரும் பார்க்க, வீங்கின கன்னத்தைப் பிடித்துக்கொண்டு அழுதேன்.

அந்தக் கூடத்தில் நான் தலையைக் குனிந்து உட்கார்ந்த நாளெல்லாம், என்னைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, சொல்லிவிடுவாள் என்று நம்பிக்கொண்டே போயிருக்கிறாய். மூன்று வாரம் என்ன, மூன்று மாதம் மருந்து இல்லாவிட்டாலும் இந்தக் கையோடு இருந்துவிடுவேன், போடி.