அவசரம் இல்லாத சைலன்சர்

அன்புள்ள மகன் காலேப்புக்கு, சித்தூர்லேர்ந்து அம்மா எழுதறது. கர்த்தர் கிருபையால நானும் உங்க நைனாவும் உயிரோட இருக்கிறோம், சுகமா இருக்கிறோம்னு எழுத கை வரல. நீயும் ஹரிதாவும் பாப்பாவும் அந்த மெல்போர்ன்ல நல்லா இருக்கணும்னு தினமும் முழங்கால் போட்டு ஜெபம் பண்றேன், அதுல ஒரு குறையும் வெக்கல. போன்லயே சொல்லலாம்தான், ஆனா நான் ஆரம்பிச்சா நீ மீட்டிங்னு வெச்சிடுவ. லெட்டரை நடுவுல வெட்ட முடியாது பாரு, அதான் எழுதறேன், முழுசா படி.

ஈஸ்டர் அன்னைக்கு நீதான் சொன்ன, கிறிஸ்துமஸுக்கு வர்றோம், நைனாவே நம்ம பழைய கார எடுத்துக்கினு மெட்ராஸ் ஏர்போர்ட்டுக்கு வரணும்னு. விளையாட்டுக்குச் சொன்னியோ இன்னாவோ, அந்த மனுஷன் அதைப் புடிச்சுக்கினாரு. அவர் கண்ணு விஷயம் உனக்கே தெரியும். வேலூர்ல டாக்டரம்மா இந்த வருஷத்தோட ஓட்டறத நிறுத்திடுங்கன்னு சொல்லிட்டாங்க, லைசென்ஸும் ஜனவரியோட முடியுது, இந்தக் கண்ணுக்கு மறுபடி கொடுக்க மாட்டாங்க. கடைசியா ஒரு தடவ என் பேத்திய நானே இட்டுக்கினு வந்துட்டு சாவியக் கொடுத்துடறேன்னு என்கிட்ட சொன்னாரு. வண்டியோ சைலன்சர் ஓட்டையாகி ஊரையே எழுப்பிக்கினு இருந்துச்சு. ஞாயித்துக்கிழம ஆராதனைக்கு நாங்க லேட்டா போனா பாஸ்டர் பிரசங்கத்த நிறுத்திட்டு வாசலப் பாப்பாரு. நம்ம சபையில இஸ்ரேல் மூப்பர் நேரா வந்து, ஐயா, கொஞ்சம் தள்ளி நிறுத்திட்டு நடந்து வாங்கன்னு சொல்லிட்டாரு. எனக்கு மானமே போச்சு.

அந்த மாடலுக்கு இப்ப புதுசு வர்றதில்ல, பழசுதான் தேடணும்னு மெக்கானிக் சாய்குமார் சொல்லிட்டான். நான் உடனே உனக்கு போன் போட்டேன், ஹரிதா எடுத்தா. டிசம்பருக்குள்ள சைலன்சர் மாத்தணும்மா, நைனா திருப்பதிக்குப் போய் பழசு தேடப் போறாருன்னு சொன்னேன். அதெல்லாம் இப்ப அவசரம் இல்ல அத்தம்மான்னா. பாவம், நமக்கு வேலை வெக்க வேணாம்னு நெனைக்கிறா, நாள் இருக்கு நிதானமாப் பாருங்கன்னு சொல்றான்னு நான் சந்தோஷமா இவர்கிட்ட வந்து சொன்னேன். இவரும், அப்படின்னா கிடைச்சத வாங்க வேணாம், நல்லதாப் பாத்து வாங்கலாம்னுட்டாரு.

திருப்பதியில பழைய வண்டிங்கள உடைச்சு விக்கிற கடை ஒண்ணு விடல. நாகையான்னு ஒருத்தன், வெள்ளி பெயின்ட் அடிச்சு பளபளன்னு ஒண்ணு எடுத்துக் காட்டினான். கொத்ததே சார், புதுசுதான் சார்னு சத்தியம் பண்றான். உங்க நைனா மயங்கிட்டாரு. நான் புடவையிலேர்ந்து ஊக்கைக் கழட்டி அடிப்பக்கம் குத்தினேன், அப்பத்துல குத்தின மாதிரி உள்ள போயிடுச்சு. அத்தனையும் துரு. நாகையா என்னைப் பாத்த பார்வை இருக்கே, அன்னைக்குப் பூரா சிரிச்சேன். அதுதான் நான் கடைசியா சிரிச்சது. அப்பால இன்னும் ரெண்டு மூணு தடவ அலைஞ்சு, எவனோ மோதிட்டு விட்டுட்டுப் போன வண்டியிலேர்ந்து பைப்போட முழு செட்டும் கிடைச்சுது. நம்ம வண்டி ஷெட்டுல இருந்ததால பஸ்லதான் வந்தோம். கண்டக்டர் அதைப் பின்னால போடச் சொல்லி கத்தறான், நசுங்கிடும்னு இவர் விடல. சித்தூர் வர்ற வரைக்கும் கைக்குழந்தையாட்டம் மடியிலயே வெச்சுக்கினு வந்தாரு. கோயிலுக்குப் போடற வெள்ளச் சட்டையில படிஞ்ச கரி இன்னும் போகல.

மாட்டினதும் வண்டி அப்படியே அடங்கிடுச்சு. இவருக்குத் தலைகால் புரியல. உனக்கு போன் போட்டு ஸ்பீக்கர்ல வெச்சுட்டு, வண்டிய ஸ்டார்ட் பண்ணி சைலன்சர்கிட்ட குனிஞ்சு போனைக் காட்றாரு, சத்தம் வருதா பாரு, வருதா பாருன்னு. இந்தத் தடவையும் ஹரிதாதான் எடுத்தா. எந்தத் தேதிக்கு ஏர்போர்ட்டுக்கு வரணும்மான்னு நான் கேட்டேன். அவசரம் இல்லன்னு அன்னைக்கே சொன்னேனே அத்தம்மான்னா. தேதி சொன்னா போதும்மான்னு நான் மறுபடி கேக்கிறேன், மானங்கெட்டவ. அப்பதான் அவ தெலுங்குல சொன்னா, "மேமு ராவட்லேது அத்தம்மா, அந்துகே அவசரம் லேதன்னானு."

நீங்க வரல, அதனால தேவையில்லன்னு சொல்லியிருக்கா. தெலுங்குல அவசரம்னா தேவைன்னு எனக்குத் தெரியாதா? கல்யாணமாகி வந்த நாள்லேர்ந்து இந்த ஊர்ல தெலுங்கு பேசித்தானே துன்னுக்கினு இருக்கேன். முதல்லயே தெலுங்குல சொல்லியிருந்தா அன்னைக்கே விளங்கியிருக்கும். மாமியாருக்கு மரியாதையா தமிழ்ல சொல்லணும்னு பாத்திருக்கா அந்தப் பொண்ணு, நான் தமிழாவே கேட்டுக்கினேன். அவமேல எனக்குக் கோவம் இல்ல, நீ அவளத் திட்டாத. கோவமெல்லாம் உன்மேலதான். லீவுக்கு நியூசிலாந்து போறீங்களாமே, அவதான் சொன்னா, போய்ட்டு வாங்க, நல்லா சுத்திப் பாருங்க. ஆனா பெத்தவனுக்கு வர மாட்டேன்னு சொல்றதுக்கு உனக்குப் பொண்டாட்டி வாய்தான் கிடைச்சுதா? நீ பக்கத்துலதான் இருந்த, நீ தொண்டையக் கனைச்சா எனக்குத் தெரியாதா?

நைனா எல்லாத்தையும் கேட்டுக்கினுதான் இருந்தாரு. வண்டிய அணைச்சுட்டு பைப்பைத் துணியால தொடச்சாரு. "சத்தமே இல்ல பாத்தியா ஜெயசீலி"ன்னாரு. இப்ப தினம் காலையில ஸ்டார்ட் பண்ணி கொஞ்ச நேரம் ஓடவிட்டுட்டு உள்ள வர்றாரு, வாசல் தாண்டறதில்ல. சத்தம் கேக்காததால இஸ்ரேல் மூப்பர் வண்டிய வித்துட்டீங்களான்னு கேட்டாரு.

பாப்பாவ வெயில்ல ரொம்ப விடாத, வேளைக்கு சாப்புடு, வேலை வேலைன்னு பட்டினி கிடக்காத. உங்க மூணு பேரையும் கர்த்தர் தம்முடைய செட்டைக்குள்ள மூடிக் காக்கட்டும், எங்க ஆயுசையும் உங்களுக்கே கூட்டிக் கொடுக்கட்டும். ஒண்ணே ஒண்ணு மறக்காத. நைனாவுக்கு நீயே போன் பண்ணு, உன் வாயாலயே பேசு, வர்ற நாளையும் நீயே சொல்லு. நியூசிலாந்து அடுத்த வருஷமும் அங்கயேதான் இருக்கும், ஜனவரிக்கு அப்பால அவர் ஸ்டியரிங் தொட முடியாது. அவசரம் இருக்குடா காலேப். தமிழ்லயும் இருக்கு, தெலுங்குலயும் இருக்கு.

இப்படிக்கு,
உன்மேல கோவமா இருக்கிற அம்மா,
ஜெயசீலி நேசகுமார்