ஏழாவது வரி

கீழவெளி வீதி, மதுரை
1938 மார்ச் 14, திங்கட்கிழமை

மதிப்பிற்குரிய ஆசிரியை ஆனிமேரி அவர்களுக்கு,

உங்களைவிட முப்பத்தாறு வயது மூத்த மாணவி சவேரியம்மாள் வணக்கத்தோடு எழுதுவது. ஆண்டவர் உங்கள் ஒவ்வொரு மூச்சுக்கும் துணையிருப்பாராக.

மதனப்பள்ளி ஆஸ்பத்திரியிலிருந்து நீங்கள் போட்ட கடிதம் கிடைத்தது. எடை இரண்டு பவுண்டு கூடியிருக்கிறது என்று எழுதியிருந்தீர்கள். அந்த வரியை எதிர்வீட்டு ராமக்காளுக்கும் படித்துக் காட்டினேன். அவள், “ரெண்டு பவுண்டுன்னா எம்புட்டும்மா, ஒரு கோழி இருக்குமா?” என்று கேட்டாள். ஒரு சிறிய கோழி இருக்கும் என்றேன். அப்படியானால் வைகாசிக்குள் ஓர் ஆடு ஏறிவிடும் என்று அவளே கணக்குப் போட்டுக்கொண்டாள். முட்டையை வேண்டாம் என்று தள்ளாதீர்கள். இரவில் இருமல் குறைந்ததா என்று நீங்கள் எழுதவில்லை. எழுதாததையும் நான் படித்தேன்.

முக்கியமான செய்தியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நோயாளியைக் காக்க வைப்பது மரியாதையில்லை. சித்திர வகுப்பு நிற்கவில்லை. உங்கள் வேலை உங்களுக்கே இருக்கிறது. ஆனால் அது நிற்காமல் போன விதத்தில் நான் பெருமைப்பட ஒன்றுமில்லை. சனிக்கிழமை மாலையே கோவிலுக்குப் போய்ப் பாவசங்கீர்த்தனம் செய்துவிட்டேன். சாமியார் மூன்று அருள் நிறைந்த மந்திரம் சொல்லச் சொன்னார். குற்றம் உங்களுக்குச் செய்தது என்பதால் அது போதவில்லை. ஆகவே இந்தக் கடிதம்.

நீங்கள் புறப்பட்ட பிறகு கல்லூரிக் கமிட்டியில் மைக்கேல்ராஜ் ஐயா என்று ஒருவர் சேர்ந்தார். ஸ்கூல் இன்ஸ்பெக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். இண்டர்மீடியட் இரண்டாம் வருஷத்துப் பெண்களுக்குச் சித்திரம் எதற்கு என்பது அவர் கேள்வி. படிப்பு முடியும்போது மாணவிக்கு என்னென்ன செய்யத் தெரிந்திருக்க வேண்டும் என்று ஒரு காகிதத்தில் எழுதிக் கொடுக்க வேண்டும், எழுத முடியாத பாடத்துக்கு ஆசிரியை தேவையில்லை என்று சொல்லிவிட்டார். வகுப்பை எடுத்துவிட்டால் நீங்கள் குணமாகித் திரும்பி வரும்போது உங்களுக்கு இங்கே நாற்காலி இராது. இதெல்லாம் தெரிந்துதான் கல்லூரித் தலைவி உங்களுக்கு எழுதினார். நீங்களும் படுக்கையில் கிடந்தபடி பென்சிலால் ஏழு வரி எழுதி, என் பெயருக்கு அனுப்பினீர்கள். என் கையெழுத்து முத்துப் போல இருக்கும் என்றும், நானே நல்ல தாளில் எழுதிக் கொடுக்க வேண்டும் என்றும் கேட்டிருந்தீர்கள்.

அந்த ஏழு வரியையும் எத்தனை தடவை படித்திருப்பேன். எதிரில் இருக்கும் பொருளை அளவு பிசகாமல் வரைதல். கோடில்லாமல் ஒளியாலும் நிழலாலுமே உருண்டையைக் காட்டுதல். ஒரே ஆளை இடப்பக்கமிருந்தும் வலப்பக்கமிருந்தும் வரைதல். சந்தையில் நடமாடுகிற ஆளை ஐந்து நிமிஷத்தில் பிடித்தல். பார்த்ததை மறுநாள் ஞாபகத்திலிருந்து போடுதல். பல பொருள்களை ஒரே படத்தில் அடக்குதல். ஆறு வரிவரை என் கை தடையில்லாமல் ஓடியது. ஏழாவதில் நின்றுவிட்டது. “தன் படத்தில் தவறிய இடத்தை அழிக்காமல் வைத்து, எப்படித் தவறியது என்று வகுப்பின் முன்னால் சொல்லுதல்” என்று எழுதியிருந்தீர்கள்.

எங்கள் மடத்துப் பள்ளியில் லேஸ் பின்னும்போது ஒரு கண்ணி தவறினால், மதர் அந்தத் துண்டைக் கத்தரித்துப் பெண்ணின் முதுகில் ரவிக்கையோடு சேர்த்து ஊசியால் குத்திவிடுவார். பொழுது சாயும்வரை அதோடுதான் திரிய வேண்டும். சாப்பாட்டு அறையில் பின்னால் உட்கார்ந்திருக்கும் பிள்ளைகள் சிரிப்பது கேட்கும். ஐம்பது வருஷம் ஆயிற்று; முதுகு இன்னும் மறக்கவில்லை. ஒரு படித்த பெண் தன் பிழையைத் தானே தூக்கிக் காட்டுவதா, இன்ஸ்பெக்டர் பார்த்தால் என்ன நினைப்பார் என்று எனக்குத் தோன்றியது. உங்களுக்குக் காய்ச்சல் வேகத்தில் வந்த வரி என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அந்த இடத்தில் “பிழையின்றி வரைதல்” என்று என் சொந்தச் சொல்லை எழுதி, கீழே உங்கள் பெயரையும் போட்டுக் கொடுத்துவிட்டேன்.

(முழங்கால் வலி அதிகமாகி இங்கே நிறுத்தினேன். இது செவ்வாய்க்கிழமை காலை. ராமக்காள் நல்லெண்ணெய் காய்ச்சித் தந்தாள். இனி கூட்டத்தைப் பற்றி எழுதுகிறேன்.)

சனிக்கிழமை காலை பத்து மணிக்குக் கமிட்டி நம்முடைய சித்திர அறையிலேயே கூடியது. படங்களையும் பார்க்கலாம் என்று தலைவி ஏற்பாடு செய்திருந்தார். மாணவிகளின் படங்களைக் கொடிக்கயிற்றில் கிளிப்புப் போட்டுத் தொங்க விட்டிருந்தோம். அன்று வகுப்பு நாளானதால், நாம் பார்த்து வரைவதற்காக உட்காரும் இருளாயியும் சோழவந்தானிலிருந்து வழக்கம் போல வெற்றிலைக் கூடையோடு வந்து ஜன்னலோரம் முக்காலியில் காத்திருந்தாள். வெளியே போகச் சொல்ல ஒருவருக்கும் தோன்றவில்லை.

மைக்கேல்ராஜ் ஐயா காகிதத்தைக் கண்ணாடி போட்டுக்கொண்டு நிதானமாகப் படித்தார். கடைசி வரிக்கு வந்ததும் சிரித்தார். “பிழையில்லாம வரையிறதுதான் படிப்போட முடிவுன்னா, டவுன்ஹால் ரோட்டுல போட்டோக் கடை இருக்கே. அந்தப் பெட்டி ஒரு நாளும் பிழை விடாதே. இதுக்கு ஒரு வாத்திச்சியம்மாவைச் சம்பளம் போட்டு வைக்கணுமா?” என்று கேட்டார். மற்ற இருவரும் தலையை ஆட்டினார்கள். தலைவி என்னைப் பார்த்தார். அந்த வரிக்கு உங்களிடம் ஏதேனும் விளக்கம் இருந்திருக்கும் என்று நினைத்திருப்பார். உங்களிடம் என்ன இருக்கும்? அது என் வரி. என் பெருமைதான் உங்கள் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு போகிறது என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது.

எழுந்து நின்றேன். அந்த வரி ஆசிரியை எழுதியதில்லை, நான் மாற்றியது என்று சொன்னேன். உண்மையான வரியைச் சொன்னேன். மைக்கேல்ராஜ் ஐயா கண்ணாடியைக் கழற்றிவிட்டு, “நல்ல வரியாத்தான் இருக்கு. ஆனா யாரும்மா சொல்லுவா? எம் முப்பது வருஷ சர்வீஸுல, தான் தப்புப் பண்ணினேன்னு தானா எந்திரிச்சுச் சொன்ன ஒரு பிள்ளையை நான் பார்த்ததில்லையே” என்றார். கயிற்றில் தொங்கிய என் இரண்டு படங்களையும் கழற்றி மேசை மேல் வைத்தேன்.

ஆசிரியை அவர்களே, அந்தப் படங்களை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். கார்த்திகை மாதத்தில் இருளாயியை இரண்டு பக்கமிருந்தும் வரையச் சொன்னீர்கள். இடப்பக்கம் எனக்கு நன்றாக வந்தது. வலப்பக்கத்தில் அவள் கை நேராக என்னை நோக்கி நீண்டிருந்தது. எத்தனை முறை போட்டாலும் கை குட்டையாகி, வெட்டுப்பட்டது போலத் தெரிந்தது. என்னைச் சுற்றியிருந்த பதினெட்டு வயதுப் பெண்களெல்லாம் போட்டு முடித்துவிட்டார்கள். வீட்டுக்கு எடுத்துப் போனேன். லேஸுக்கு மாதிரி எடுப்பது போல, நல்ல படத்தின் கோடுகள் மேலேயே ஊசியால் வரிசையாகக் குத்தினேன். தாளைத் திருப்பிப் போட்டு, கரித்தூளைத் துணியில் கட்டித் தட்டினேன். அடியில் வைத்த தாளில் புள்ளி புள்ளியாக வலப்பக்க இருளாயி இறங்கிவிட்டாள். புள்ளிகளைச் சேர்த்து, முதல் படத்தின் ஓட்டைகளை முதுகுப்புறம் நகத்தால் தேய்த்து மூடி, இரண்டையும் உங்களிடம் கொடுத்தேன்.

இதையெல்லாம் கமிட்டி முன்னால் இதே வரிசையில் சொன்னேன். சொல்லி முடித்தபோது ஜன்னலோரத்திலிருந்து இருளாயி எழுந்து வந்தாள். “நான்தான்யா அந்தப் படத்துல இருக்கிற வெத்திலைக்காரி. அன்னைக்கே இந்தம்மாகிட்டச் சொன்னேன், என் மாராப்பை வலது தோளுக்கு மாத்திப்புட்டீக, எங்கூர்ல பார்த்தா என்னைய அசலூர்க்காரிம்பாகன்னு. பேசாம இருடீன்னுச்சு. ரெண்டு படம் போட்டுச்சு, ஒண்ணுலதான்யா நான் இருக்கேன்” என்றாள்.

மைக்கேல்ராஜ் ஐயா இரண்டு படங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வெகு நேரம் பார்த்தார். மாராப்பைப் பார்த்தார். வெற்றிலையை இடக்கையால் அடுக்குவதைப் பார்த்தார். பிறகு அறையின் ஜன்னலையும் எதிர்ச் சுவரையும் பார்த்துவிட்டு, “வெளிச்சம் சுவத்துக்குள்ள இருந்தில்ல வருது!” என்றார். அது எனக்குக்கூட அதுவரை தெரியாது. ஒரு கோடும் பிசகாத படம், ஆனால் முழுவதும் பொய் என்று அவரே சொன்னார். போட்டோக் கடைப் பேச்சை அதன் பிறகு எடுக்கவில்லை. பேனாவை வாங்கி என் வரியை அடித்துவிட்டு, உங்கள் வரியைத் தம் கையாலேயே எழுதினார். இதற்குப் பரீட்சையில் எப்படி மார்க்குப் போடுவது என்று மட்டும் முணுமுணுத்தார். ஒரு வருஷம் நடத்திப் பார்க்கலாம் என்றும், ஜூலை வரை உங்கள் இடத்தில் வேறு ஆளை நியமிப்பதில்லை என்றும் தீர்மானம் எழுதி, எல்லோரும் கையெழுத்துப் போட்டார்கள்.

அதுவரை சனிக்கிழமைகளில் அறையைத் திறந்து வைப்பது என் பொறுப்பு. பயப்படாதீர்கள், நான் ஒருவருக்கும் எதுவும் கற்றுக்கொடுப்பதில்லை. கரித்துண்டுகளை எண்ணி வைக்கிறேன். பெண்கள் இரைந்தால் முறைக்கிறேன். பிறகு நானும் உட்கார்ந்து வரைகிறேன்.

ஒன்றை மட்டும் கேட்க வேண்டும். படங்களை நான் கொடுத்த அன்று, நீங்கள் முதல் படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தீர்கள். நான் தேய்த்து மூடிய ஓட்டைகள் எல்லாவற்றிலும் வெயில் வந்தது. நான் பார்த்தேன். நீங்களும் பார்த்தீர்கள். வகுப்பு முழுவதும் இருந்தது. நீங்கள் தாளை மெதுவாக இறக்கி, “அடுத்த வாரம் பேசலாம்மா” என்று மட்டும் சொன்னீர்கள். அடுத்த வாரம் உங்களுக்கு இருமலில் இரத்தம் வந்தது. பேசவே இல்லை. ஏழாவது வரியைப் பென்சிலால் எழுதும்போது என்னை நினைத்தீர்களா என்று கேட்க நினைத்தேன். வேண்டாம், பதில் சொல்ல வேண்டாம். என் முதுகில் எதையும் குத்தாமல் அன்று தாளை இறக்கினீர்களே, அதற்குத்தான் நன்றி சொல்கிறேன். எனக்குக் கற்பித்தவர்கள் எல்லோருக்கும் நான் பயந்திருக்கிறேன். உங்கள் ஒருவருக்குத்தான் வெட்கப்பட்டேன். இரண்டும் வேறு வேறு என்பதே இந்த வயதில்தான் தெரிந்தது.

சேர்ந்த புதிதில், கணவர் இறந்த பிறகு பொழுது போகாமல் வந்த கிழவி என்று மற்றவர்கள் நினைத்தபோது, நீங்கள் வருகைப் பதிவில் என் பெயரையும் எழுதி, பெண்களோடு பெண்ணாகக் கூப்பிட்டீர்கள். முதல் நாள் நான் நூல் பிடித்து அளந்து போட்ட சொம்பைப் பார்த்து, “இந்தச் சொம்பு எங்கம்மா இருக்கு, மேசை மேலயா, ஆகாசத்திலயா?” என்றீர்கள். அன்று கோபம் வந்தது. இன்றைக்கு நினைத்தாலும் கொஞ்சம் வருகிறது. ஆனால் அடுத்த நாளிலிருந்து வீட்டில் எந்தப் பாத்திரத்தைப் பார்த்தாலும் அதன் நிழல் எங்கே விழுகிறது என்று தேடினேன். என் கணவர் பேரையூர் ஜமீன் கச்சேரியில் இருந்த இருபது வருஷமும் அந்த வீட்டுக்குள் வந்த வெயிலை நான் ஒரு நாளும் கவனித்ததில்லை. இப்போது கவனிக்கிறேன். இது சிறிய உபகாரமா?

கூட்டம் முடிந்த பிறகு அதே இடத்தில், வலப்பக்கம் உட்கார்ந்து, இருளாயியைத் திரும்ப வரைந்தேன். கை இன்னும் சரியாக வரவில்லை. அவளே எட்டிப் பார்த்து, முழங்கை முருங்கைக்காய் மாதிரி இருக்கிறது என்றாள். ஆனால் மாராப்பு இடது தோளில் இருக்கிறது, வெளிச்சம் ஜன்னலிலிருந்து வருகிறது. இதைத் தபாலில் அனுப்பலாம் என்று மடித்துப் பார்த்தேன். பிறகு அனுப்பவில்லை. முழங்கையை நீங்கள் இங்கே, என் பக்கத்தில் நின்று திருத்த வேண்டும். அதற்காகவே வைத்திருக்கிறேன். அறுபத்து நான்கு வயதான மாணவியை அதிக நாள் காக்க வைப்பது நியாயமில்லை என்று உங்கள் டாக்டரிடம் நான் சொன்னதாகச் சொல்லுங்கள்.

பதில் எழுதி உடம்பை அலட்டிக்கொள்ள வேண்டாம். நர்ஸ் எழுதித் தரவும் வேண்டாம். ஒரு கார்டில் பென்சிலால் ஒரே ஒரு கோடு போட்டு அனுப்புங்கள். கை நடுங்கியிருந்தாலும் பரவாயில்லை. எத்தனை கோடுகளுக்கு நடுவிலும் உங்கள் கோடு எது என்று எனக்குத் தெரியும்.

உங்கள் இரண்டாம் வருஷ மாணவி,
சவேரியம்மாள்