பேராச்சிக்குப் பின்னால் என் பெயர்

சேசு மரி சூசை துணை

தாராவி, பம்பாய்
12-8-1964

அன்புள்ள தெரசம்மாளுக்கு,

உன் வீட்டுக்காரன் ஞானசேகரன் எழுதுவது. இங்கே நானும் மகன் ஏசுதாஸும் சுகம். தூத்துக்குடியில் மகளும் புதுப் பேரனும் சுகமா? பையனுக்குத் தலை நின்றுவிட்டதா?

நம் டாக்டர் மகனோடு மூன்று நாளாக எனக்குப் பேச்சில்லை. காலையில் அவனுக்குப் பெரிய ஆஸ்பத்திரி, சாயங்காலம் மெயின் ரோட்டில் சொந்தக் கிளினிக். அங்கே பெஞ்சில் உட்கார்ந்து பேர் கூப்பிடுவது என் உத்தியோகம் என்று உனக்குத் தெரியும். நம் சால் வரிசை வீடுகளில் கடைசி அறைப் பேராச்சிக்குக் கழுத்தில் கட்டி. ஆஸ்பத்திரியில் பதிந்துவிட்டு இரண்டு மாதத்துக்கு மேல் காத்திருக்கிறாள். கிளினிக்கில் பீஸ் கொடுத்துப் பார்த்தால் சீக்கிரம் பெட் கிடைக்கும் என்று நான்தான் கூட்டிப் போனேன். எல்லா டாக்டரிடமும் நடக்கிறதுதானே என்று நினைத்தேன்.

அவள் நீட்டிய ஆஸ்பத்திரிச் சீட்டைப் பார்த்ததும் பீஸைத் திருப்பிக் கொடுத்துவிட்டான். "அங்க உங்களப் பாக்கத்தான் எனக்குச் சம்பளம் தராங்க. இங்க துட்டு வாங்குனா அது தப்பு. உங்க முறையும் மாறாது" என்றான். பிறகு எல்லார் முன்னாலும் என்னைப் பார்த்து, நாளையிலிருந்து பெஞ்சுக்கு வர வேண்டாம் என்றான். பெற்ற தகப்பனை! எனக்கு எப்படி இருந்திருக்கும்?

இனிமேல் எழுதுவதைப் பதறாமல் வாசி. மேலே சுகம் என்று எழுதியது முழு நிஜமில்லை. தோல் கிடங்கில் அத்தனை வருஷம் மூட்டை தூக்கித் தூக்கி எனக்குக் குடலிறக்கம். நீ ரயிலேறிய மறுவாரமே தெரியும். உனக்குச் சொல்ல மனசு வரவில்லை. என்னையும் வரிசையில் நிற்க வைத்துத்தான் சீட்டு வாங்கித் தந்தான் உன் மகன்.

இன்று காலை தேதி கேட்க ஆஸ்பத்திரிக்குப் போனேன். நர்ஸ் லூசியம்மாள் ஒரு சேதி சொன்னாள். "உன் அப்பாவை முதலில் எடுத்துக்கொள்வோமே" என்று நம் மகனிடம் அவனுடைய பெரிய டாக்டரே கேட்டாராம். அவசரமில்லை சார், முறைப்படி வரட்டும் என்றானாம் இவன். என் கோபம் எங்கே போனதென்று தெரியவில்லை. வரிசையில் நின்றவர்களிடமெல்லாம், முன்பின் தெரியாத மராட்டிக்காரரிடம்கூட, அவன் என் மகன் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

வருகிற 25ஆம் தேதி பேராச்சிக்கும் எனக்கும் ஆபரேஷன். கத்தி பெரிய டாக்டர் கையில். நம் பிள்ளை பக்கத்தில் நிற்பான். அப்பனைக் காக்க வைத்தாயே என்று அவனைத் திட்டி எழுதாதே. எனக்குக் கொஞ்சம் பயமாகத்தான் இருக்கிறது. அன்றைக்கு மாதா கோயிலில் ஜெபமாலை சொல். முதலில் பேராச்சிக்குச் சொல், அப்புறம் எனக்கு. லிஸ்டில் அவள் பேர்தான் முன்னால்.

ஏசுதாஸின் அப்பா,
ஞானசேகரன்