டீ வாங்கிக் கொடுத்த அணி

மேசையில் ஒரு மஞ்சள் பூப்பந்து இருக்கிறது. கம்பளி நூல் பிரிந்து, நிலக்கரித் தூசி ஏறிப் பாதி கறுத்துவிட்டது. நேற்று குறிஞ்சிப்பாடியில் உன் மகள் வீட்டுக்குப் போயிருந்தபோது உன் மனைவி கொடுத்தது. முகர்ந்து பார்த்தேன், நம் மைதானத்தின் வாசனை இன்னும் போகவில்லை. தடுமாறாமல் எழுத, என் வழக்கப்படி முதலில் வரிசை போட்டுக்கொள்கிறேன்.

1. நம் குவார்ட்டர்ஸ் பிளாக்கின் பூப்பந்து அணி ஏன் தோற்றுக்கொண்டே இருந்தது.
2. தோற்பதை நீ பொருட்படுத்தியதே இல்லை.
3. இந்தப் பொங்கலுக்கு நம் அணி ஆடுமா.

முதலாவது சுலபம். காரணம் நீதான். பக்கத்து பிளாக்காரர்கள் நன்றாக ஆடுகிற ஐந்து பேரைப் பொறுக்கி, கடைசிவரை அவர்களையே ஆடவிட்டார்கள். அவர்கள் மன்றத்தில் கோப்பை வைக்க இடமில்லை. நம் அணியிலோ, ஷிப்ட் முடித்து வந்தவன் எப்படி ஆடுகிறவனானாலும் அவனுக்கு இடம் உண்டு என்று ஒரு வழக்கம் வைத்திருந்தாய்.

ஒரு பொங்கல் போட்டியின் இறுதி ஆட்டம். மூன்றாவது கேமில் நாம் முந்தியிருந்தோம். முதல் ஷிப்ட் முடிந்து நம் பிளாக்கில் இருந்த பிட்டர் ஒருவர் நிலக்கரி மைன்ஸிலிருந்து பூட்ஸோடு ஓடி வந்தார். நீ மட்டையை அவர் கையில் கொடுத்துவிட்டு வெளியே வந்தாய். அவருக்குப் பின்னால் நான் ஆடிக்கொண்டிருந்தேன். அவர் அடித்த பந்துகள் வலையைத் தாண்டவில்லை. என்னுடையவையும்தான்.

தோற்றவர்கள் ஜெயித்தவர்களுக்கு டீயும் போண்டாவும் வாங்கித் தர வேண்டும் என்பது இரண்டு பிளாக்குக்கும் இருந்த ஏற்பாடு. அன்று கடையில் அவர்களுடைய கேப்டன் டம்ளரைத் தூக்கிக் காட்டினார்.

"உங்க டீக்கு ஒரு ருசி இருக்குங்க. ஜெயிச்சு கியிச்சு அதைக் கெடுத்துறாதீங்க."

எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரித்தது நீ. திரும்பி நடக்கையில், ஏன் வெளியே வந்தாய் என்று மெதுவாகக் கேட்டேன்.

"யோவ் டிராயிங், ஓடியாந்தவன எப்படிய்யா நிக்க வைக்கிறது? வெளாட்டுதான, வுடு."

டிராயிங் ஆபீஸில் வேலை பார்த்ததால் எனக்கு நீ வைத்த பெயர் அது. அந்த 'வுடு'விலிருந்துதான் என் இரண்டாவது குறிப்பு வந்தது.

இப்போது நம் பிளாக்கில் பாதி குவார்ட்டர்ஸ் பூட்டிக் கிடக்கிறது. ஆடத் தெரிந்த பையன்கள் ஐந்து பேர் தேறுவதே பெரிது. தங்களோடு சேர்ந்துகொள்ளும்படி பக்கத்து பிளாக்கில் கூப்பிடுகிறார்கள். சேர்ந்தால் கோப்பை கிடைக்கும். நம் அணி இருக்காது. பழைய ஆட்களில் மிச்சம் நான் என்று முடிவை என்னிடம் விட்டார்கள். எனக்கு முடிவெடுக்க வராது என்பது உனக்குத் தெரியும். நீ உயிரோடு இருந்தால் 'வுடு' என்பாய் என்று நினைத்து, சேரச் சொல்லிவிடுவதாக இருந்தேன். உன் மனைவியிடம் ஒரு வார்த்தை சொல்லத்தான் பஸ் ஏறினேன்.

கேட்டதும் அவர் உள்ளே போய் இந்தப் பந்தை எடுத்து வந்தார்.

"தோத்த அன்னிக்கெல்லாம் வூட்டுக்கு வந்து இத உருட்டிக்கினே குந்தியிருப்பாருங்க. சோறு போட்டா தொட மாட்டாரு. நான் நின்னு ஆடியிருந்தா ஜெயிச்சிருப்போம்பாரு. அடுத்த தடவ நீங்களே ஆடுங்களேன்னா, அது முடியாதும்பாரு."

இன்று காலை பையன்களை வரச் சொல்லி, தனியாகவே பெயர் கொடுக்கச் சொன்னேன். ஒருவன், "தோத்துருவோம் தாத்தா" என்றான். தோற்கலாம் என்றேன். ஷிப்ட் முடித்து வருகிறவனுக்கு இடம் வைக்க வேண்டும் என்றும் சொன்னேன். என் குரல் எனக்கே கேட்காததால் அதை இன்னொரு முறை சொன்னேன்.

டீக்கடையிலிருந்து உன் வீட்டுத் தெருமுனைவரை எத்தனையோ தடவை உன் கூடவே நடந்து வந்திருக்கிறேன். நீ சிரித்ததைத்தான் பார்த்தேன். மேலே இரண்டாவதாக எழுதியது தவறு. உனக்கு வலித்திருக்கிறது. வலித்தும், அடுத்த முறையும் மட்டையைக் கொடுத்துவிட்டு வெளியே வந்திருக்கிறாய்.