உறை மாறிய கடிதம்

அம்மாவுக்கு,

உன் கடிதத்தில் முதலில் என் கண்ணில் பட்டது ‘பரீட்சை’ என்ற சொல். நீ சிறைக்குப் போன மாதமே நான் பள்ளியை விட்டுவிட்டேன். எனக்கு ஏது பரீட்சை? பிறகுதான் புரிந்தது. நீ உறை மாற்றிப் போட்டுவிட்டாய். அது ஷெரினுக்கு எழுதிய கடிதம்.

இங்குள்ள மூன்று தேவாலயச் சபைகளும் சேர்ந்து நடத்தும் சிறைக் குழுதான் உனக்கு வக்கீல் பார்க்கிறது. கைதிக்கு ஆறுதலாக எழுதுகிற பிள்ளை மட்டும் வேறு சபையிலிருந்துதான் வர வேண்டுமாம். சொந்தச் சபையில் பேச்சு பரவும் என்று அப்படி ஒரு விதி. அதனால் உனக்கு அவள் கிடைத்தாள். அவளுக்கு இரண்டு பக்கம் எழுதியிருக்கிறாய். ‘கண்ணு, வெறும் வயிற்றோடு படிக்காதே’ என்கிறாய். எனக்கு வருவதெல்லாம் சிலிண்டர் வந்ததா, தம்பிக்கு இருமல் நின்றதா என்ற நாலு வரிதான்.

சைனிக்புரியில் அவள் வீட்டுக்குப் போய் அதை அவளிடம் கொடுத்தேன். எனக்கு வர வேண்டிய கடிதத்தை அவளும் பிரித்திருந்தாள்.

“சாரிப்பா, தெரியாம படிச்சிட்டேன். ஏன் அப்படி முறைக்கிற? உங்கம்மா ரொம்ப ஸ்வீட் யா!”

“எனக்குத் தெரியும்” என்றேன். என் கடிதத்தை வாங்கிக்கொண்டு கிளம்பினேன்.

திரும்பும்போது குஷாய்குடாவில் இறங்கி, குழுவை நடத்தும் ரோஸ்லின் அக்காவைப் பார்த்து, நானும் ஒரு கைதிக்கு எழுத வேண்டும் என்றேன்.

“அம்மாவுக்குத்தான் எழுதறியேடி, இன்னும் யாருக்கு?” என்று சிரித்தார்.

வேறு சபையைச் சேர்ந்த ஒரு கைதியின் பெயரைக் கேட்டு வாங்கினேன். அவரும் ஓர் அம்மாதான். நேற்று அவருக்கு மூன்று பக்கம் எழுதிப் போட்டேன்.

உன் மகள்