அபூ துர்கி குடித்த கஹ்வா

அன்பு மகள் ஹதீலுக்கு, இர்பிதிலிருந்து உம்மா எழுதிக்கொள்வது. அஸ்ஸலாமு அலைக்கும். இங்கே எல்லோரும் நலம், மஸ்கட்டில் நீயும் நலமாயிருக்க துஆ செய்கிறேன் என்று வழக்கம்போல ஆரம்பிக்கத்தான் பேனாவை எடுத்தேன், ஆனால் அதில் பாதி பொய். நான் நலம். மற்றவர்களுக்குத்தான் என்மேல் கோபம் தலைக்கேறி, பிரஷர் மாத்திரை தேடிக்கொண்டிருக்கிறார்கள். போனில் சொல்லலாம் என்றால் உன் அண்ணன் நாயிஃப் பக்கத்திலேயே நின்று காதைத் தீட்டிக்கொள்கிறான். கீழ்வீட்டு ஸுஹைலாவின் தம்பி மஸ்கட் வருகிறார், அவர் கையில் இந்தக் கடிதத்தையும் நான் சுட்ட ஒரு டப்பா பேரீச்சம்பழ மஅமூலையும் கொடுத்து விடுகிறேன். போன கடிதத்தில் நீ இரண்டு விஷயம் எழுதியிருந்தாய். ஒன்று, 'எலுமிச்சை முற்றம்' சீரியலைப் பாதியிலேயே நிறுத்திவிட்டேன், மேலே பார்க்க முடியவில்லை என்று. இன்னொன்று கடைசி வரி. எங்களுக்குத் தலைகுனிவு வேண்டாம் என்றும், நான் ஒரு வார்த்தை சொன்னால் மஸ்கட் வேலையை விட்டுப் பெருநாளைக்குள் குவைத்துக்கு, உன் புருஷன் லுவய் வீட்டுக்கே நீ திரும்பிப் போய்விடுவதாகவும் எழுதியிருந்தாய். அந்த ஒரு வார்த்தையைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். ஆனால் அதற்கு முன்னால் நடந்ததைச் சொல்ல வேண்டும், பொறுத்துப் படி, நடுவில் கடைசிப் பக்கத்துக்குத் தாவாதே.

முதலில் சீரியல்கள். இந்த ரமலானுக்கு ஒன்றுகூட உருப்படியில்லை என்று எல்லோரும் சொல்கிறார்கள், சொல்லிக்கொண்டே நாலைந்து பார்க்கிறார்கள். பாலைவனக் கதையை நான் ஆரம்பத்திலேயே கைகழுவிவிட்டேன். ஒட்டகம் கறக்கிறவள் நகத்தில் ஒரு பொட்டு அழுக்கு இல்லை, கூடாரத்தில் தூங்கி எழுந்தவள் கண்ணில் மை கலையவில்லை, இவளுக்காக இரண்டு கோத்திரம் வெட்டிக்கொண்டு சாகிறதாம். எகிப்துக்காரர்களின் போலீஸ் கதையில் கொலைகாரன் யார் என்று முதல் நாளே சொல்லிவிட்டேன், அந்த இன்ஸ்பெக்டர் பாவம் இன்னும் தேடிக்கொண்டிருக்கிறான். விளம்பரமோ கேட்கவே வேண்டாம், நான் பாத்திரம் கழுவி, கத்தாயிஃபுக்குப் பாகு காய்ச்சி இறக்கி வைத்துவிட்டு வந்தாலும் அதே நெய் டப்பாதான் ஓடுகிறது. நம் கட்டிடமே உட்கார்ந்து பார்த்தது 'எலுமிச்சை முற்றம்'தான். நீ நிறுத்திய இடம் எனக்குத் தெரியும், பழைய டமாஸ்கஸ் வீட்டில் அந்த ரஷ்வான் குழம்பு தீய்ந்ததற்காக ஷம்ஸாவைக் கன்னத்தில் அறைகிற இடம். அதற்குப் பிறகு அவள் கறுப்புத் துணியைத் தலையில் போட்டுக்கொண்டு தகப்பன் வீட்டுக்கு நடந்து போகிறாள். அன்று நான் எழுந்து நின்று கைதட்டினேன். ஸுஹைலா என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தாள்.

அதிலிருந்துதான் பிடித்தது சனியன். நோன்பு திறந்து பாத்திரம் ஒழிந்ததும் படிக்கட்டில், கடையில், தராவீஹ் தொழுகைக்குப் போகிற வழியில் எல்லாம் ஒரே பேச்சு, ஷம்ஸா போயிருக்கக் கூடாது, பொறுத்திருக்கணும், ஒரு அறை விழாத வீடு எங்கே இருக்கு. முதலில் நானும் சீரியல் பேச்சு என்றுதான் நினைத்தேன் மகளே, நானும் விடாமல் மல்லுக்கு நின்றேன். பிறகுதான் மண்டையில் உறைத்தது, ஷம்ஸா என்று சொல்கிறவர்கள் எல்லாம் ஹதீலைத்தான் சொல்கிறார்கள். ஸுஹைலா ஒருநாள் வாய்விட்டே சொல்லிவிட்டாள், "அடிச்சவனுக்கே மன்னிப்பு இருக்கும்போது பூட்டினவனுக்கு இல்லாமப் போயிடுமா அக்கா? லுவய் என்ன கையா நீட்டினான்? பொண்டாட்டி மேல ஆசை, அதனால கதவைப் பூட்டிட்டு வேலைக்குப் போனான்" என்று. நான் திருப்பிக் கேட்டேன், "ஆசைன்னா பூட்டணும்னா, உன் கோழிக்கூண்டு மேல உனக்குத்தான் உலகத்துலயே பெரிய ஆசை, போ" என்று. இரண்டு நாள் பேசவில்லை, மூன்றாம் நாள் தட்டு நிறைய சம்பூசாவோடு வந்துவிட்டாள். வாய்தான் அப்படி, மனசு நல்ல மனசு, அவள் தம்பியை நீ முகம் சுளிக்காமல் வரவேற்க வேண்டும்.

போன வியாழக்கிழமை உன் சித்தப்பா ஃபவ்வாஸ் வந்து, லுவய் வீட்டார் பெரியவர்களைச் சேர்த்துக்கொண்டு நாளைக்கு ஜாஹா வருகிறார்கள், சமாதானம் பேசி பெருநாளைக்குள் முடித்துவிடலாம், எதிர்ப்பேச்சு வேண்டாம் என்றார். என்னைக் கேட்காமல் வார்த்தை கொடுக்காதீர்கள் என்றேன். "அண்ணி, அண்ணன் இல்லாத வீடு. ஆம்பளைங்க பேசற இடத்துல நீங்க கஹ்வா நல்லா கொதிக்குதான்னு மட்டும் பாருங்க போதும்" என்றார். உன் வாப்பா இருந்திருந்தால் இந்தப் பேச்சுக்கு அவரை வாசலிலேயே நிறுத்தியிருப்பார். நாயிஃபைப் பார்த்தேன், அவன் தலையைச் சொறிந்துகொண்டு, "ஊர் வாயை அடைக்கணும்ல உம்மா" என்றான். மறுநாள் அந்த ஜாஹாக்காரர்கள் எந்த நேரத்துக்கு வந்தார்கள் தெரியுமா, தராவீஹ் முடிந்து சரியாக 'எலுமிச்சை முற்றம்' ஆரம்பிக்கிற நேரத்துக்கு. விருந்தாளி அறையில் பெருநாளைக்காகப் பெயின்ட் அடித்து ஈரம் காயவில்லை, அதனால் எல்லோரையும் டிவி இருக்கிற கூடத்தில்தான் உட்கார வைக்க வேண்டியிருந்தது. சித்தப்பா டிவியை அணைக்கப் போனார். அவர்களுக்குத் தலைவராக வந்தவர் அபூ துர்கி, நரைத்த மீசையும் தங்கக் கரை போட்ட மேலங்கியுமாக, அவர் முன்னால் வைத்த கஹ்வா இதுவரை ஆறிப்போய்த் திரும்பியதில்லை என்று ஊரே சொல்லும் அந்த அபூ துர்கி, கையை உயர்த்தி, "இருக்கட்டும் ஃபவ்வாஸ், சத்தத்தை மட்டும் கொறச்சு வை. வீட்டுப் பொம்பளைங்க பாக்கறதாச்சே, நம்மளால கெடக் கூடாது" என்றார். ஆஹா, என்ன கருணை! நான் சமையலறை நடையில் நின்றேன், அங்கிருந்து கூடமும் தெரியும், டிவியும் தெரியும்.

நாயிஃப் கஹ்வாவை ஊற்றி அபூ துர்கி முன்னால் வைத்தான். அவர் தொடவில்லை. உனக்குத் தெரிந்த வழக்கம்தான், கேட்க வந்தது கிடைக்கிறவரை தலைவர் கோப்பையைத் தொடமாட்டார், வீட்டுக்காரர் குடியுங்கள் என்றால் கொடுத்தேன் என்று அர்த்தம், அந்தச் சொல்லுக்கு முன்னால் அவராகக் குடித்துவிட்டால் கேட்க ஒன்றுமில்லை, எழுந்து போகலாம். அபூ துர்கி பேச ஆரம்பித்தார். குடும்பம் என்பது மாளிகை, பெண் அதன் விளக்கு, இத்யாதி இத்யாதி. சித்தப்பா தலையாட்டிக்கொண்டே இருந்தார், பேச்சு முடிந்ததும் சொல்ல வேண்டிய வார்த்தை அவர் உதட்டில் தயாராக உட்கார்ந்திருந்தது. அந்த வார்த்தை வெளியே வந்துவிட்டால் வந்ததுதான், அப்புறம் நான் தலைகீழாக நின்றாலும் நீ லுவய் வீட்டுப் பெண். அந்த நேரம் பார்த்து டிவியிலும் ஜாஹா வந்துவிட்டது மகளே! ரஷ்வானுக்காக டமாஸ்கஸ் பெரியவர்கள் ஷம்ஸாவின் தகப்பன் வீட்டுக்கு வந்து உட்கார்ந்திருக்கிறார்கள், அங்கேயும் ஒரு கோப்பை, அங்கேயும் ஒரு நரைத்த மீசை. நம் கூடத்தில் ஒவ்வொரு தலையாகத் திரும்பியது. அபூ துர்கியின் பேச்சு மெதுவாகி, நடுவிலேயே நின்றுபோனது. இத்தனை நாளும் சீரியல் பார்ப்பது பொம்பளை வேலை என்று சொல்லித் திரிந்தவர்கள், "தகப்பன் ஒத்துக்கமாட்டான் பாரு", "ஒத்துக்குவான், மனசு இளகிடுச்சு, கண்ணைப் பாரு" என்று பந்தயம் கட்டாத குறை. ஒருத்தர் சால்வை நுனியால் மூக்கைத் துடைத்துக்கொண்டார். டிவியில் அந்தத் தகப்பன் ரொம்ப நேரம் தாடியைத் தடவிவிட்டு, கண்ணில் நீர் தளும்ப, கஹ்வாவைக் குடியுங்கள், என் மகள் உங்கள் மகள் என்றான். அங்கே இருந்த பெரியவர் கோப்பையை எடுத்தார். இங்கே அபூ துர்கியும் எடுத்தார். டிவியிலிருந்து கண்ணை எடுக்காமலே வாயில் வைத்து ஒரே மடக்காகக் குடித்து, போதும் என்பதற்கு ஆட்டுகிற பழக்கத்தில் கோப்பையை ஆட்டி நாயிஃபிடம் நீட்டினார்!

நாயிஃப் கோப்பையை வாங்குவதா வேண்டாமா என்று தெரியாமல் கையை நீட்டியபடி நின்றான். நான் உள்ளே போனேன். ஆமாம், முக்காட்டைச் சரி செய்துகொண்டு அத்தனை ஆண்கள் நடுவில் போய் நின்றேன். "கஹ்வா எப்படி இருந்துச்சு ஹாஜியார்? குடிச்சு முடிச்சாச்சு. கேக்க வந்தது எதுவும் இல்லைன்னு ஆயிடுச்சு. வந்ததுக்கு ரொம்ப சந்தோஷம், கத்தாயிஃப் இருக்கு, சாப்பிட்டுட்டுப் போங்க" என்றேன். அவர் முகம் பீட்ரூட் மாதிரி ஆகிவிட்டது. "தவறிப்போச்சும்மா, பேசிப் பேசித் தொண்டை காஞ்சு போச்சு, இது கணக்குல வராது, இன்னொன்னு ஊத்தச் சொல்லு" என்றார். சித்தப்பா என்னை உள்ளே போகச் சொல்லிப் பல்லைக் கடித்தார். சரி, வழக்கத்தைக் காட்டி ஜெயித்துவிட்டு அதற்குப் பின்னால் ஒளிந்துகொள்ள எனக்கு மனசு வரவில்லை ஹதீல். நான் சொன்னேன், "ஊத்த மாட்டேன். நீங்க குடிக்காம இருந்திருந்தாலும் இதான் பதில். இப்ப எல்லாரும் கண்ணைத் துடைச்சீங்களே, யாருக்காக? அந்தத் தகப்பன் கண்ணீரை அவ்வளவு நேரம் காட்டினான். பொண்ணு எங்க இருந்தா, யாராவது பாத்தீங்களா? அடுப்படியில தட்டோட நின்னா, முகத்தைக்கூடக் காட்டலை. ஒருத்தராவது அவளைக் கேட்டீங்களா? என் மக பூட்டின வீட்டுக்குள்ள இருந்தப்ப கேஸ் கசிஞ்சுது. சன்னல்ல நின்னு கத்தி, காவல்காரன் வந்து பூட்டை உடைச்சான். சாவி லுவய் பாக்கெட்ல, அவன் ஆபீஸ்ல. அன்னைக்கு அந்தக் காவல்காரன் டீ குடிக்கப் போயிருந்தா, நீங்க இன்னைக்கு ஜாஹாவுக்கு வந்திருக்க மாட்டீங்க, அவ ஜனாஸாவைத் தூக்க வந்திருப்பீங்க." டிவியில் நெய் விளம்பரம் வந்துவிட்டது. அபூ துர்கி மேலங்கியைச் சேர்த்துப் பிடித்துக்கொண்டு எழுந்தார், வாசலில் செருப்பு மாட்டும்போது என்னைப் பார்க்காமல், "கேஸ் விஷயம் எங்கிட்ட சொல்லலை" என்று மட்டும் முணுமுணுத்தார். அந்த அளவுக்கு மனுஷன்தான். இப்போது அவர் சீரியல் பார்ப்பதே பாவம் என்று பள்ளிவாசலில் சொல்லிக்கொண்டிருக்கிறாராம், அவர் மனைவி போன் செய்து சிரித்துச் சிரித்து இருமினாள்.

சித்தப்பா அன்று போனவர்தான், இன்னும் இந்தப் பக்கம் வரவில்லை. அவருக்கென்று எடுத்து வைத்த கத்தாயிஃபை ஸுஹைலா வீட்டுக்கு அனுப்பிவிட்டேன். நாயிஃப்தான் என்னை வருத்தப்பட வைத்தான், மறைக்கவில்லை. கூட்டம் போனதும் கத்தினான், தெருவில் இனி எப்படித் தலை நிமிர்ந்து நடப்பேன், ஹதீலுக்கு இனி இந்த வீட்டில் இடமில்லை என்றான். அவன் பிறந்த நாளிலிருந்து இந்த ஊரில் எனக்குச் சொந்தப் பெயர் கிடையாது, உம்மு நாயிஃப்தான், நாயிஃபின் தாய், உனக்கே தெரியும். "இனிமே உங்களை என் பேரைச் சொல்லி யாரும் கூப்பிட வேணாம், எனக்கு அசிங்கமா இருக்கு" என்றான் என் முகத்தைப் பார்த்து. அன்று விடிவதற்கு முன் சஹர் சாப்பிட எழுந்தபோது அழுதேன், அவனைப் பெற்ற வயிறு அல்லவா. பிறகு முகத்தைக் கழுவிக்கொண்டேன். அவனாக ஒருநாள் வருவான், வராவிட்டாலும் சரி.

இப்போது நீ கேட்ட வார்த்தை. போகாதே. என் தலைகுனிவைப் பற்றி நீ எழுத வேண்டாம், என் தலை இருக்க வேண்டிய இடத்தில் நன்றாகவே இருக்கிறது. ஷம்ஸா கதை எப்படி முடியும் என்று எனக்குத் தெரியும், ரஷ்வான் திருந்திவிடுவான், எலுமிச்சை மரத்தடியில் உட்கார்ந்து சிரிப்பார்கள், பெருநாள் பாட்டு போடுவார்கள். கதை எழுதினவனுக்கு முப்பதாம் எபிசோடோடு வேலை முடிந்தது, முப்பத்தோராம் நாள் அந்தக் கதவுக்குள் அவனா இருக்கப்போகிறான்? நான் மிச்சத்தையும் பார்ப்பேன், பார்த்துத் திட்டுவேன், அது என் உரிமை. லுவய் போன் செய்து அழுதாலும், சித்தப்பா எழுதினாலும், நானே மனசு தளர்ந்து வேறு மாதிரி எழுதினேன் என்று யாராவது சொன்னாலும், இந்தக் கடிதம்தான் என் பேச்சு. அந்த மருந்துக்கடை வேலையை விடாதே. வெறும் வயிற்றில் காப்பி குடிக்காதே. ராத்திரி டாக்சியில் வந்தால் பின்சீட்டில் உட்கார்.

உன் கைகளில் பரக்கத்தும், உன் வீட்டுக் கதவுக்கு உள்பக்கத் தாழ்ப்பாளும் இருக்க அல்லாஹ் அருள் செய்யட்டும். வரும் பெருநாளை நிம்மதியாக, புதுத் துணி உடுத்திக் கொண்டாடு. ஒன்று மறந்துவிடாதே, மஅமூல் டப்பாவை அப்படியே அக்கம்பக்கத்துக்குக் கொடுத்துவிடாதே, அடியில் காகிதத்துக்குக் கீழே நம் வீட்டு வாசல் சாவி ஒன்று இருக்கிறது, நேற்று வெட்டிக்கொண்டு வந்தேன். எப்போது வந்தாலும் யாரையும் கேட்காமல் நீயே திறந்துகொண்டு உள்ளே வா.

இப்படிக்கு,
உன் உம்மா,
உம்மு ஹதீல்